சாமிக்குக் காய்ச்சல்

சாமிக்குக் காய்ச்சல் என்று அந்த மனிதர் சொன்னார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்வது போலத்தான் சொன்னார், அதில் வருத்தமும் இல்லை, வேடிக்கையும் இல்லை. போனை வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, உளுந்து பாதிதான் ஆகியிருந்தது. துளசிமணி இடது கையில் போனைப் பிடித்தபடி, வலது கையால் விளிம்பில் ஒதுங்கிய மாவைக் கல்லின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள், தள்ளுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல். காய்ச்சல். பதினைந்து நாள். கதவு சாத்தியிருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புரிந்தது, சேர்த்து வைத்தால் புரியவில்லை. அவள் பேசியது வேறு எதற்கோ. பூரிக்குப் போகிற பதினெட்டுப் பெண்களில் ஐந்து பேருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது, தரைத்தளத்தில் இரண்டு அறை கட்டாயம் வேண்டும் என்று நினைவுபடுத்தத்தான் கூப்பிட்டாள். யாத்திரை வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்து, கோயிலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிற பண்டா அவர், தாமோதர் என்று பெயர், தமிழ்நாட்டுக்காரர்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். "கீழ் ரூம் ரெடி அம்மா, கவலை இல்லை" என்றார். பிறகு அவராகவே, "வர்றது எப்போ, ஜூன் பதினஞ்சா? அப்போ சாமி ஜொரம் அம்மா" என்றார். என்னங்க சொல்றீங்க என்று கேட்டாள். "பதினொண்ணு தேதி ஸ்நானம். நூத்தியெட்டுக் குடம் தண்ணி ஊத்துவாங்க. ஜொரம் வந்துடும். பதினஞ்சு நாள் ரூம்ல படுத்திருப்பாரு. கஷாயம், பழம், அவ்வளவுதான். யாரும் பாக்க முடியாது." மாசியிலேயே தேதி சொன்னேனே என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை. "சொன்னீங்க அம்மா. ரூம் இருக்கா கேட்டீங்க. ரூம் இருக்கு சொன்னேன். சாமி இருக்கா கேக்கலையே." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கேட்டிருந்தாள். அவரிடம் கேட்கவில்லை, காலண்டரிடம் கேட்டிருந்தாள். தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. நோட்டில் மாசி மாதமே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள், ஜேஷ்ட மாதப் பௌர்ணமி அன்று சாமிக்குக் குளியல், அதற்குப் பிறகு பதினைந்து நாள் தரிசனம் கிடையாது, கவனம் என்று. கவனம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. பெருமாள் கோயில் அய்யரிடம் போய், சாமி, ஜேஷ்டம்னா நமக்கு எந்த மாசங்க என்று கேட்டாள். ஆனிதாம்மா என்றார் அவர். வீட்டுக்கு வந்து தினசரிக் காலண்டரில் ஆனி மாதத்தைப் புரட்டினாள், பௌர்ணமி ஆனி இருபத்தாறில் இருந்தது. சரி, ஆனி ஒன்றாம் தேதி போய்ச் சேர்ந்து நான்காம் தேதி திரும்பிவிட்டால் நடுவில் முழுசாக மூன்று வாரம் இருக்கிறது என்று நிம்மதியாக டிக்கெட் போட்டாள். இப்போது மாவுக் கையோடு நடந்துபோய், காய்ந்த சுண்டுவிரலால் சமையலறைச் சுவரிலிருந்த அந்தக் காலண்டர்த் தாள்களைத் தூக்கிப் பார்த்தாள். இன்று வைகாசி பத்தொன்பது. இருபது, இருபத்தொன்று. இருபத்தெட்டில் ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருந்தது. முழுநிலா. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது, ஆனி பிறப்பதற்கு முன்னாலேயே, இவள் தேடாத பக்கத்தில். அவர்களுடைய மாதம் நிலாவைப் பார்த்து நடக்கிறது, நம்முடைய மாதம் சூரியனைப் பார்த்து நடக்கிறது. பெயர் ஒன்றுதான், நடை வேறு. அய்யர் சொன்னது தப்பில்லை, காலண்டர் தப்பில்லை, பண்டா தப்பில்லை. தபால் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கடிதம் பிரித்தவள் அவள், ஒரு கடிதம்கூட வேறு அறைக்குள் விழுந்ததில்லை என்று ரிட்டயர் ஆன அன்று மேடையில் சொன்னார்கள். அதற்கப்புறம் ஆறு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு தடவை, தெருவிலும் சொந்தத்திலும் உள்ள பெண்களைச் சேர்த்து எங்காவது கூட்டிப்போகிறாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், மணி, இடம், யாருக்குக் கீழ்ப் படுக்கை, எங்கே கழிப்பறை, இது தவறினால் அடுத்து எது. கவுந்தப்பாடி முழுக்க, துளசி போட்ட பிளான்னா கண்ணை மூடிட்டு ஏறலாம் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு.

பதினாறு பேருக்கு இது ஒன்றுமே இல்லை, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கோனார்க்கில் சூரியன் கோயில் இருக்கிறது, அதன் கல் சக்கரங்களுக்குக் காய்ச்சல் வராது. சிலிகா ஏரியில் படகு இருக்கிறது, ரகுராஜ்பூரில் வீட்டுக்கு வீடு உட்கார்ந்து துணியில் படம் எழுதுகிறார்கள், கடல் இருக்கிறது, சேலைக் கடை இருக்கிறது. சாமிக்குக் காய்ச்சலாமா என்று ரயிலிலேயே சிரித்துவிட்டு, திரும்பி வந்து வீட்டுக்கு வீடு கதையாகச் சொல்லுவார்கள். ஒருத்திக்குத்தான். ஒருத்திக்காகத்தான் இந்த வருஷம் பூரி. முன்னறையில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ரயிலுக்குக் கொண்டுபோகிற உருண்டைக்காகக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறாள் அவள், உடைகிற சத்தம் கிரைண்டரையும் மீறி அவ்வப்போது கேட்கிறது. பூவாத்தாள். துளசிமணியின் வீட்டுக்காரருக்கு அக்கா, துளசிக்கு நங்கை. அறுபத்தாறு வயசு, கணவர் போன பிறகு பதினாலு வருஷமாக இந்த வீட்டில்தான், அதற்கு முன்னால் பக்கத்துத் தெருவில். அவளுக்குக் கண்ணுக்குள் பிரஷர். முதலில் பக்கவாட்டில் வருகிற ஆள் தெரியவில்லை என்றாள், பிறகு தட்டில் ஒரு ஓரத்துச் சோறு அப்படியே மிச்சமாக ஆரம்பித்தது, இப்போது நடுவில் ஒரு ஓட்டை அளவுதான் உலகம் இருக்கிறது, அந்த ஓட்டையும் மங்கிக்கொண்டு வருகிறது. சித்திரையில் போனபோது டாக்டர் இன்னும் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார், அதையும் துளசியைத் தனியாகக் கூப்பிட்டு. போன வருஷக் கடைசியில் யாரோ வடக்கே போனவர்கள் கொண்டுவந்த காலண்டர் முன்னறையில் மாட்டியிருக்கிறது. அதில் ஜகந்நாதர், கறுத்த முகம், இரண்டு வட்டக் கண், வெள்ளை வெளேரென்று, இமையே இல்லாமல். ஒரு நாள் பூவாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "அம்மிணி, அந்தச் சாமி என்னையப் பாக்குதா?" என்று கேட்டாள். எல்லா முகமும் அழிந்துபோன பிறகு, துளசியின் முகம் அழிந்து, கூடப் பிறந்த தம்பியின் முகம் அழிந்து, அந்த இரண்டு வட்டம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. "இத்தனாம் பெரிய கண்ணு வெச்ச சாமியொண்ணு இருக்குதா. அங்க போயி நேரா ஒருக்காப் பாத்துப்போட்டேன்னா அப்பறம் போனாப் போகட்டும்." அதற்குப் பிறகு நாற்காலி நகர ஆரம்பித்தது. காலண்டருக்கும் நாற்காலிக்கும் நடுவே பன்னிரண்டு டைல்ஸ் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று குறையும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், பெருக்குகிறபோது துளசி எண்ணுவாள். இன்று காலை நான்கு.

"அம்மிணி."

பூவாத்தாளின் குரல். துளசிமணி திடுக்கிட்டுக் காலண்டர்த் தாளை விட்டாள்.

"என்னங்க நங்கை."

"உளுந்து ஆயி எந்நேரமோ ஆச்சு. கல்லு சத்தம் மாறிப்போச்சு, உனக்குக் கேக்கலையா? தண்ணி தெளிக்காம அங்க நின்னு காலண்டருக்குப் பொட்டு வெக்கறயா?"

"தெளிச்சனுங்க."

"எங்க தெளிச்ச. எனக்குக் கண்ணுதான் போச்சு. போன்ல ஆரு?"

"பூரிக்காரருங்க. ரூமுக்கு."

"என்னங்கறான்?"

"கீழ் ரூம் ரெடிங்கறாருங்க."

"சாமிய நல்லாப் பாத்துக்கச் சொல்லு, நாங்க வர்ற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் தானே சிரித்துக்கொண்டாள். ஒரு கடலைக்காய் உடைந்தது.

உளுந்தை வழித்துப் போட்டாள். அரிசியைப் போட்டாள். இதெல்லாம் கை செய்கிறது. முப்பத்தைந்து வருஷமாக இந்தக் கைக்கு உத்தரவு போட்டவள் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் உளுந்துக்கு எத்தனை தண்ணி என்பதிலிருந்து ஆரம்பித்த உத்தரவு. பூரிக்கும் அப்படித்தான். மாசியிலே போயிரலாம் அம்மிணி, வெயிலுக்கு முன்னால, டிக்கட்டப் போடு என்றாள் பூவாத்தாள். டிக்கட்டைப் போடு. போடலாமா என்று இல்லை. அப்போது துளசிக்கு உள்ளே ஒன்று எழுந்தது, இப்போது அதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை, இருபத்தெட்டில் அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு வேறு வழியில்லை. ஊர் ஊராகப் பிளான் போடுகிறவள் நான், எனக்கு மாதம் சொல்ல இவள் யார். அவ்வளவுதான். அவ்வளவு சின்னது. வாயில் வேறு வந்தது: மாசில ஆள் சேராதுங்க நங்கை, பேரன் பேத்திகளுக்குப் பரீச்சை, பதினெட்டுப் பேராச்சும் இருந்தாத்தான் பெட்டியில ஒட்டுக்கா இடம் கிடைக்கும், ஆனில போலாமுங்க. அத்தனையும் உண்மைதான். ஒவ்வொன்றும் நிரூபிக்கக்கூடிய உண்மை. ஆனால் மாசியில் ஏழு பேர் வரத் தயாராக இருந்தார்கள், ஏழு பேரோடு அவள் துவாரகை வரைக்கும் போய் வந்திருக்கிறாள். மாசியில் நாற்காலி பத்தாவது டைல்ஸில் இருந்தது. மாசியில் சாமிக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு முறை, ஒரே ஒரு முறை, நங்கை சொன்னதற்கு மாறாக ஒரு தேதி வைத்துவிட்டு, அன்று சாயங்காலம் வாசல் தெளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தது ஞாபகம் வருகிறது. என்ன பாட்டு என்பது ஞாபகம் இல்லை. நல்ல வேளை.

என்ன செய்யலாம் என்று யோசி, அழுதால் ஆகாது. டிக்கெட்டை ஆடிக்குத் தள்ளலாம். ஆடியில் நாற்காலி எங்கே இருக்கும், சுவரில் இருக்கும். பண்டா ஒன்று சொன்னார், போனை வைப்பதற்கு முன்னால். பிரம்மகிரி என்று பக்கத்தில் ஒரு ஊர், அங்கே அலார்நாதர் கோயில், இந்தப் பதினைந்து நாளும் எல்லோரும் அங்கேதான் போவார்கள், அவரைப் பார்த்தால் இவரைப் பார்த்த மாதிரி. அங்க கண்ணு எப்படிங்க என்று கேட்டாள். "கண்ணா? சாதாக் கண்ணு அம்மா. கல்லு சாமி, நாலு கை." சாதாக் கண் வேண்டாம். நாலு கை வேண்டாம். வட்டம் வேண்டும், வெள்ளையும் கறுப்புமாக வட்டம், பூரியில் பெரிய கோயிலை விட்டால் அந்த வட்டம் எங்கே இருக்கும், எங்கேயும் இருக்கும், பூரி முழுக்க இருக்கும். கோயிலுக்கு முன்னால் அகலமான ரோடு, இருபுறமும் கடை, போனில் பார்த்த வீடியோவில் வரிசையாக மர ஜகந்நாதர்கள் அடுக்கி இருந்தார்கள், சுண்டுவிரல் அளவிலிருந்து ஆள் உயரம் வரைக்கும். ஆள் உயரம் வரைக்கும். சாயங்காலம் நாலரை, மற்றவர்களைக் கடற்கரைக்கு அனுப்பிவிட வேண்டும், வெயில் தாழ்ந்துவிட்டால் அவளுக்கு இன்னும் தெரியாது. தாமோதரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், கடைக்காரரிடம் பேசிப் பத்து நிமிடம் கடையின் உள்பக்கம். செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட வேண்டும், உள்ளங்காலில் கல் படணும். கூட்டத்துச் சத்தம் ரோட்டிலேயே இருக்கும், அதற்குக் கவலையில்லை. தாமோதர் பக்கத்தில் நின்று அவர் பாஷையில் இரண்டு மந்திரம் சொல்லட்டும். ஒரு துண்டு கற்பூரம். கையில் ஈரத் துளசி. நங்கை, நேரா பாருங்க, தெரியுதுங்களா. தெரியும். வட்டமாகத் தெரியும். அவள் கை கூப்புவாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. மணி ஒன்று வேண்டும், அங்கே தேட முடியாது, நம் பூஜை அறை மணியையே எடுத்துக்கொள்ளலாம், இரண்டு சேலைக்கு நடுவில் வைத்தால் போதும், ரயிலில் குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்க அதன் நாக்கைத் துணி வைத்துச் சுற்றிவிட...

மணியின் நாக்கு என்ற இடத்தில் நின்றுபோனாள்.

கையை மாவிலிருந்து எடுத்தாள். கிரைண்டரை நிறுத்தவில்லை, நிறுத்தத் தோன்றவில்லை. தன் வீட்டுச் சமையலறையில், காலை பத்தரை மணிக்கு, பட்டப்பகலில், பதினாலு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே உண்டவளை ஒரு பொம்மைக் கடைக்குள் நிறுத்திக் கும்பிட வைக்கிற வரைக்கும் அவள் போய்விட்டு வந்திருக்கிறாள். கோபம் வந்து நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோபமே இல்லை. துவாரகைக்கு எப்படிப் போட்டாளோ, காசிக்கு எப்படிப் போட்டாளோ, அப்படியே போட்டிருக்கிறாள், மணி, இடம், பொறுப்பு யார், இது தவறினால் அடுத்து எது. நல்ல பிளான். ஒரு ஓட்டை இல்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. இது எங்கே இருந்தது இத்தனை நாள்? எல்லோரும் மெச்சுகிற அந்தக் கெட்டிக்காரத்தனமும் இதுவும் ஒன்றேதானா, ஒரே கைதானா? அப்படியென்றால் இந்தக் கையை நம்பி எத்தனை பேரை ரயிலில் ஏற்றினாள். இல்லை, இது கருணையாகவும் இருக்கலாம், நங்கை மனசு நோகாமல் இருக்கத்தானே என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பித்தது, அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். முதல் பிரசவம், குழந்தை பிறந்து ஐந்தாம் நாள் துளசியின் அப்பா தவறிவிட்டார். பூவாத்தாள் வீட்டில் யாரையும் வாய் திறக்க விடவில்லை. பச்ச உடம்புக்காரி, சொன்னாப் பால் கட்டிக்கும் என்றாள். அப்பா எப்படி இருக்காருங்க நங்கை என்று தினமும் கேட்டாள் துளசி, நல்லாருக்காரு, உன்னயக் கேட்டாரு என்று தினமும் சொன்னாள் பூவாத்தாள். உன்னயக் கேட்டாரு. பதினாறு நாள். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அப்பாவின் சாவை அவள் தாங்கிக்கொண்டாள், அந்தப் பதினாறு நாளில் அவர் கேட்டதாகச் சொன்ன கேள்விகளைத்தான் தாங்க முடியவில்லை. குழந்தைக்கு முடி நிறைய இருக்குதா என்று கேட்டாராம். அவள் ஆமாம் என்று சொல்லி அனுப்பினாள், இல்லாத மனிதருக்கு. இப்போது அவளே ஒரு பொம்மையை நிறுத்தி, இந்தா சாமி பாக்குது பாருங்க என்று சொல்லப் போகிறாளா. கும்பிட்டுவிட்டுப் பூவாத்தாள் ஏதாவது வேண்டிக்கொள்வாளே. வாய்விட்டுத்தான் வேண்டுவாள், அவளுக்கு மனசுக்குள் வேண்டத் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். கடைக்காரனும் கேட்டுக்கொண்டு நிற்பான்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அழ மாட்டாள். பூவாத்தாள் அழுது பார்த்ததே இல்லை. நாற்காலியைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் போட்டுவிடுவாள், அவ்வளவுதான், இனிமேல் காலண்டர் எதற்கு என்று. அதைத் தாங்க முடியுமா? சொல்லாமல் பதினோரு நாள் இருக்க முடியுமா? கடலைக்காய் உரிக்கிற சத்தம் கேட்கிறது. இப்போது போனால் சொல்லிவிடலாம். அரிசி ஆகட்டும். அரிசி ஆனதும் சொல்லலாம் என்று நினைத்தால், அரிசி ஆனதும் உப்புப் போட்டுக் கலக்கிவிட்டுச் சொல்லலாம் என்று வரும், அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் வரும், சந்தைக்குப் போன வீட்டுக்காரர் வந்துவிடுவார், அவர் முன்னால் எப்படிச் சொல்வது என்று வரும், பிறகு நாளைக்கு, பிறகு ரயிலில், பிறகு பூரியில் நாலரை மணி. அந்த நாலரை மணி அங்கே உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தள்ளிப்போடலும் நேராக அங்கேதான் போய்ச் சேருகிறது. அவள் கையைக் கழுவவில்லை. கழுவினால் அதற்குள் மனசு மாறிவிடும் என்று பயந்தாள். மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னறைக்குப் போனாள்.

"நங்கை, நான் தேதிய மாத்திப் போட்டுட்டேனுங்க."

பூவாத்தாள் முகத்தைத் திருப்பினாள், குரல் வந்த பக்கத்துக்கு, கொஞ்சம் தப்பாக. "என்ன தேதி?"

துளசிமணி சொன்னாள். நிலா மாதம், சூரிய மாதம், வைகாசி இருபத்தெட்டு, நூற்றியெட்டுக் குடம், பதினைந்து நாள், சாத்திய கதவு. மாசியில் போயிருக்கலாம் என்பதையும் சொன்னாள். ஏன் போகவில்லை என்பதையும் சொன்னாள், ஆள் சேராதது இல்லைங்க நங்கை, நீங்க சொன்னீங்கங்கறதுக்காகத்தான் என்று. சொல்லிவிட்டு அப்படியே நின்றாள், மாவு முழங்கையை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.

பூவாத்தாள் மடியிலிருந்த கடலைத் தோலையெல்லாம் முறத்தில் தள்ளினாள்.

"நூத்தியெட்டுக் கொடம் ஊத்துனா ஆருக்குத்தான் காச்ச வராது" என்றாள் கடைசியில். "ஆரு கூட இருந்து பாக்கறாங்களாமா?"

"அவங்கள்லயே ஒரு வம்சத்துக்காரங்களாமுங்க. கஷாயம் போடுவாங்களாமா."

"எப்பத் தொறப்பாங்க?"

"ஆனி பன்னண்டுங்க. அன்னிக்குத்தான் புதுசாக் கண்ணு எழுதுவாங்களாம். குளிச்சதுல வர்ணமெல்லாம் கரைஞ்சு போயிருமாட்ட இருக்குது. மறாநாளு தேருல வெளிய வருவாராமுங்க."

"கண்ணு எழுதுவாங்களா?" பூவாத்தாளின் விரல்கள் ஒரு கடலைக்காயின் மேல் நின்றுவிட்டன. "வருசா வருசமா?"

"வருசா வருசம்."

"ம்" என்றாள். பிறகு, கடலைக்காயை உடைத்தபடியே, "வேற எங்கயாச்சும் கொண்டுபோயி நிறுத்தி இதுதான் சாமின்னு சொல்லிப்போடலாம்னு தோணலையா உனக்கு?"

துளசிமணிக்கு இல்லைங்க என்று சொல்வதற்கு ஒரு நொடிதான் இருந்தது, அந்த நொடியை அவள் போக விட்டாள்.

"தோணுச்சுங்க."

"எங்க?"

"கோயிலுக்கு முன்னாலங்க. ரோட்டுல. பொம்மை விக்கற கடையில."

"சொல்லு."

"வேண்டாமுங்க நங்கை."

"அட சொல்லு அம்மிணி. எனக்குப் போட்ட பிளானு, நான் கேக்கறதுக்கென்ன."

சொன்னாள். நாலரை மணி, கடற்கரை, செருப்பு, உள்ளங்காலில் கல், மந்திரம், கற்பூரம், ஈரத் துளசி. சேலைகளுக்கு நடுவே பூஜை அறை மணி. பூவாத்தாள் தலையைச் சாய்த்து, வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பவள் போலக் கேட்டாள்.

"மணியிலதான் மாட்டியிருப்ப" என்றாள். "நம்மூட்டு மணிச் சத்தம் எனக்குத் தெரியாதாக்கும். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நானா இருந்தா அந்தக் கடைக்கே கூட்டிட்டுப் போயிருப்பேன், வாயவே தொறந்திருக்க மாட்டேன்." இன்னொரு கடலைக்காயை எடுத்தபடி, "அப்பறம் ஏன் வந்து சொன்ன?"

"தெரியலைங்க."

"தெரியலையா." அவள் அதை யோசித்தாள். கோபம் இருந்ததா என்று துளசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்தில் இப்போதெல்லாம் எதுவுமே சரியான திசையில் வருவதில்லை. "மாசியில என்னைய எதுத்துப் பண்ணுனயே, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நெனச்சுக்காத. சொல்லுவேன். போயிட்டு வந்து சொல்லுவேன், சாகற வரைக்கும் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"மத்தவங்க போனாப்பல திரும்பி வரட்டும். நம்ம ரெண்டு பேரு பதிமூணு வரைக்கும் அங்கயே இருந்துக்கலாம். அந்தாளுகிட்ட ரூமு கேளு. சாமியவும் சேத்திக் கேளு."

"நங்கை, தேரன்னைக்கு லச்சக்கணக்குல கூட்டமுங்க. நெருக்கித் தள்ளிப்போடுவாங்க. உங்களுக்குப் பக்கத்துல வர்றதே தெரியாது. அதுல தெரியுமா தெரியாதான்னே சொல்ல முடியாதுங்க."

"கையப் புடிச்சுக்க."

பிடிச்சுக்கறேனுங்க என்று உடனே சொல்லத்தான் வாய் எடுத்தாள். எப்போதும் அப்படித்தான் சொல்வாள், ஆறு வருஷமாக எல்லோரிடமும் சொன்னது. இன்று காலை பத்தரை மணிக்கு முன்னால் என்றால் சொல்லியிருப்பாள். மாவு காய்ந்து தோலை இழுக்கிற தன் வலது கையைப் பார்த்தாள், அது எதைச் செய்யும் எதைச் செய்யாது என்று தனக்குத் தெரியாது என்பது போலப் பார்த்தாள்.

"விட்டாலும் விட்டுருவேனுங்க நங்கை. இன்னைக்கு என்னால எதையும் உறுதியாச் சொல்ல முடியல."

பூவாத்தாள் முறத்தை நகர்த்தினாள். கையைத் தரையில் ஊன்றி, சுவரைப் பிடித்து, மெல்ல எழுந்து நின்றாள். கடலைத் தூசி படிந்த விரல்களால் காற்றில் துழாவி, துளசிமணியின் தோளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இறங்கி முந்தானை நுனியைப் பிடித்தாள். தன் முந்தானை நுனியையும் எடுத்தாள். கண்ணே வேண்டியதில்லாத வேகத்தில் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள், அதன் மேல் இன்னொன்று.

"நீ உட்டாலும் இது உடாது" என்று சொல்லிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள். துளசிமணி ஒரு அடி முன்னால் தடுமாறி, அவள்மேல் போய் நின்றாள்.